இந்தூரின் தீபாவளியும் நகரம் என்னும் வகுப்பறையும்

1914 செப்டம்பரில் மதராஸ் மீது குண்டு வீசித் தமிழ்ப் பேச்சுவழக்கில் ஒரு சொல்லையே விட்டுச்சென்ற எம்டன், அடுத்த மாதம் 'கிளான் கிராண்ட்' என்னும் கப்பலை மூழ்கடித்தது. அதில் உலக நகரங்களின் வரைபடங்களும் படங்களும் அடங்கிய கண்காட்சி ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர் பேட்ரிக் கெடஸ். ஸ்காட்லாந்தின் டண்டீயில் தாவரவியல் பேராசிரியர். நண்பர்கள் அவசரமாகத் திரட்டி அனுப்பிய மாற்றுப் படங்களைக் கொண்டு 1915இன் தொடக்கத்தில் மதராஸில் அக்கண்காட்சி நடந்தேறியது.

பின்னர் அவர் இந்திய நகரங்கள் பலவற்றைக் கால்நடையாகச் சுற்றினார். தெருக்களை இடித்து நேராக்கும் அக்காலப் பொறியியலை அவர் ஏற்கவில்லை. நோயுற்ற பகுதியை மட்டும் திருத்தி ஏனையவற்றைக் காப்பதே அவர் வழி. மலேரியாவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார்: குளம் காற்றைக் குளிர்விக்கும், வெள்ளத்தை ஏற்கும், கொசுப்புழுக்களை மீன்கள் பார்த்துக்கொள்ளும். இது உயிரியலாளர் ஒருவரின் வாதம் என்பதை மறந்துவிடலாகாது.

1917-18இல் பிளேக் அச்சம் நிலவிய இந்தூரில் அவர் செய்தது இன்னும் வியப்பானது. அரசரிடம் ஒருநாள் அதிகாரம் கேட்டுப் பெற்றார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் செல்லாது, எப்பகுதி வீடுகள் மிகுதியாகத் தூய்மையும் செப்பமும் பெற்றுள்ளனவோ அவ்வழியே செல்லும் என அறிவித்தார். ஊரே குப்பையை அள்ளத் தொடங்கியது. ஊர்வலத்தில் பிளேக்கின் எலி உருவம் வந்தது. துப்புரவுத் தொழிலாளர்கள் மாலையணிந்து நடந்தனர். இவ்விவரங்கள் பெரும்பாலும் கெடஸின் வாய்மொழியாகவே நமக்குக் கிடைப்பதால், சற்று மிகை கலந்திருக்கலாம். மாலையணிந்தோர் மறுநாள் எந்நிலைக்குத் திரும்பினர் என்பதை அக்கதை சொல்வதில்லை. சாதியின் முன் அவரது கற்பித்தல் தயங்கி நின்ற இடம் அது.

1918இல் அவர் அளித்த இந்தூர் அறிக்கை இரண்டு தொகுதிகளாக அமைந்தது. சாக்கடை, ஆற்றங்கரை, பூங்கா ஆகியவற்றோடு, அந்நகருக்கு வேண்டிய பல்கலைக்கழகம் பற்றியும் அதில் விரிவாக எழுதினார். நகரைச் சீர்செய்வதும் நகரைக் கற்பதும் அவருக்கு ஒரே வேலை.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலுக்கும் 'சிவிக்ஸு'க்குமான துறை அவர் தலைமையில் உருவாயிற்று. இங்கே ஒரு சொல்லின் வரலாறு கவனத்திற்குரியது. கெடஸுக்குச் சிவிக்ஸ் என்பது நகரை நேரில் ஆராய்ந்து அதன் வாழ்வில் பங்கேற்கும் இயல். நம் பள்ளிகளில் அது குடிமையியலாகி, அரசியலமைப்பும் நாடாளுமன்றமும் படிக்கும் பாடமாயிற்று. குடிமகன் எஞ்சினான், நகரம் உதிர்ந்துவிட்டது. 1924இல் கெடஸ் வெளியேறியபின் பொறுப்பேற்ற கோவிந்த் சதாசிவ் குர்யே, துறையைச் சாதி, பண்பாடு ஆகிய ஆய்வுகளின் பக்கம் திருப்பினார். இந்தியச் சமூகவியல் அதனால் பெற்றது மிகுதி. ஆனால் நகர்ச் சூழலைக் கற்பிக்கும் இழை அங்கே மெலிந்தது. லக்னோவில் ராதாகமல் முகர்ஜி சமூகச் சூழலியல் என்ற பெயரில் அதைத் தொடர்ந்தார்.

1991இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வழிகாட்டியது. அதன் தொடர்ச்சியாக இளநிலைப் பட்ட மாணவர் அனைவருக்கும் அது ஒரு தாளாக வந்தது. தேசிய அளவில் இதற்கு ஈடான முயற்சி அரிது. எனினும் பல கல்லூரிகளில் அத்தாள் தேர்வறையில் தொடங்கித் தேர்வறையிலேயே முடிகிறது. களப்பணிக்கென ஒதுக்கிய பகுதியும் பெரும்பாலும் பிறர் ஏட்டிலிருந்து படியெடுக்கப்படுகிறது. கல்லூரி மதிலுக்கு அப்பால் ஓடும் கால்வாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று மாணவரிடம் எவரும் கேட்பதில்லை.