குடல் புற்றுநோய் தொடர்பான மருத்துவக் கவனக்குறைவு வழக்குகள் (இங்கிலாந்து, வேல்ஸ்)

குடல் புற்றுநோய் தொடர்பான மருத்துவக் கவனக்குறைவு வழக்கு என்பது, பெருங்குடலிலோ மலக்குடலிலோ தோன்றும் புற்றுநோயைக் கண்டறிவதில் அல்லது அதற்குச் சிகிச்சை அளிப்பதில் நேர்ந்த தவறுக்காக இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்கு ஆகும். இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தின்படி மருத்துவர் தவறிழைத்தார் என மெய்ப்பித்தால் மட்டும் போதாது. அத்தவறே பாதிப்பை விளைவித்தது என்பதையும் வாதி மெய்ப்பிக்க வேண்டும்.

பின்னணி

முதல் நிலையில் கண்டறியப்படும் நோயாளிகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். பிற உறுப்புகளுக்குப் பரவிய நான்காம் நிலையில் இது ஏறத்தாழப் பத்தில் ஒருவராகக் குறைகிறது. ஆகவே, நோய் கண்டறிவதில் ஏற்படும் தாமதம் இவ்வழக்குகளில் முக்கிய இடம் பெறுகிறது.

குற்றஞ்சாட்டப்படும் தவறுகள்

- மலத்தில் இரத்தம் வெளியேறுவதை மூலநோய் எனக் கருதி மேற்கொண்டு ஆராயாமை
- இரும்புச்சத்துக் குறைபாட்டால் வரும் இரத்தசோகைக்குக் காரணம் தேடாமை
- பெருங்குடல் அகநோக்கிச் சோதனையை முழுமையாகச் செய்யாமை
- அறுவைச் சிகிச்சையில் இணைத்த குடற்பகுதியில் ஏற்படும் கசிவைக் காலந்தாழ்த்தி உணர்தல்

கசிவு என்பது திறமையான அறுவைச் சிகிச்சையிலும் நேரக்கூடியது. எனவே கசிவு ஏற்பட்டது மட்டும் கவனக்குறைவுக்குச் சான்றாகாது.

கடமை மீறல்

1957 ஆம் ஆண்டில் உருவான போலம் சோதனையின்படி, பொறுப்புள்ள மருத்துவர் குழுவொன்று முறையானதென ஏற்கும் வகையில் செயற்பட்டவர் கவனக்குறைவாளர் ஆகார். அக்குழுவின் கருத்து தருக்க முறைப்படி ஏற்கத்தக்கதாக இருத்தல் வேண்டும் எனப் பிரபுக்கள் அவை 1997 இல் தெளிவுபடுத்தியது.

காரணத் தொடர்பு

உரிய காலத்தில் நோயைக் கண்டறிந்திருந்தால் குணமடையும் வாய்ப்பு 50 விழுக்காட்டிற்கு மேல் இருந்திருக்கும் என்பதை வாதி நிறுவ வேண்டும். 2005 இல் பிரபுக்கள் அவை தீர்த்த நிணநீர்ப் புற்றுநோய் வழக்கொன்றில், தாமதத்தினால் வாதி பத்து ஆண்டுகள் நோயின்றி வாழும் வாய்ப்பு 42 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாகக் குறைந்தது. தொடக்கத்திலேயே வாய்ப்பு பாதிக்கும் குறைவாக இருந்ததால், 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் கோரிக்கை தள்ளப்பட்டது. வாய்ப்பு இழப்பு மட்டுமே இழப்பீட்டிற்கு உரியதன்று என்னும் இவ்விதி குடல் புற்றுநோய் வழக்குகளுக்கும் பொருந்தும்.

எனினும், குணமடையும் வாய்ப்பு குறைவாக இருந்தவர்களும் தாமதத்தால் ஆயுள் குறைந்தது, தவிர்த்திருக்கக்கூடிய நிரந்தரச் செயற்கை மலவாய் தேவைப்பட்டது போன்ற தனிப் பாதிப்புகளை மெய்ப்பித்து இழப்பீடு பெற இயலும். இதனால் இவ்வழக்குகளில் குடும்ப மருத்துவர், குடல் அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர் எனப் பல துறை வல்லுநர்களின் சாட்சியம் தேவைப்படுகிறது.

நடைமுறை

1980 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்தோ அதனை வாதி அறிந்த நாளிலிருந்தோ, இவற்றுள் பிந்தியதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். நோயாளி இறந்தால் அவரைச் சார்ந்திருந்தோர் 1976 ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டத்தின்கீழ் வழக்காடலாம். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளுக்கு எதிரான கோரிக்கைகளை, 1995 இல் நிறுவப்பட்டு 2017 முதல் தேசிய சுகாதார சேவைத் தீர்வகம் எனப்படும் அமைப்பு கையாள்கிறது. 2013 ஏப்ரலில் பெரும்பாலான மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளுக்கான அரசின் சட்ட உதவி நிறுத்தப்பட்டது. அதன்பின், வெற்றி பெற்றால் மட்டும் வழக்கறிஞருக்குக் கட்டணம் செலுத்தும் ஒப்பந்தத்தைப் பலர் நாடுகின்றனர்.