திருத்தத்தின் தடம் யார் கையில்?

எழுதுவது பெரும்பாலும் திருத்துவதே. ஒரு சொல்லை இடுவதும், அதை அடிப்பதும், வேறொன்றைத் தேடுவதும், மீண்டும் பழையதற்கே திரும்புவதும் எழுத்தாணி பிடித்தவர்களுக்கும் இருந்தது. விசைப்பலகை தட்டுகிறவர்களுக்கும் இருக்கிறது. படிக்கிறவர் காண்பது முடிந்த வடிவத்தை மட்டுமே. அதற்கு முன் வந்துபோன வடிவங்கள் எங்கே போகின்றன? அவற்றை வைத்துக்கொள்ளவோ அழித்துவிடவோ உரிமை யாருக்கு உண்டு? பங்கு அலுவலகங்களுக்குள்ளும் கணினி வந்து அமர்ந்துவிட்ட இந்நாளில் இவ்வினா நமக்கும் உரியதாகிறது. ஆயினும் இது கணினியோடு பிறந்த வினா அன்று.

பனையோலையில் கீறிய எழுத்தை அழிக்க இயலாது. பிழை நேர்ந்தால் அதன்மேல் அடித்துவிட்டு, விடுபட்டதை வரிகளுக்கு இடையிலோ ஓரத்திலோ நுழைப்பார்கள். ஆகவே ஏட்டைப் பார்த்தாலே திருத்தமும் தெரியும். ஆனால் ஏடு பழுதுபட்டதும் புதிய ஏட்டில் படியெடுப்பார்கள். படியெடுப்பவர் தாம் சரியென்று கருதிய பாடத்தை மட்டும் எழுதுவார். பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்டுவிடும் வழக்கமும் நம் நாட்டில் இருந்தது. அத்தோடு முந்திய வடிவத்தின் சுவடே மறைந்துபோகும். 1623இல் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்து மறைபரப்பிய இராபர்ட் தெ நொபிலி அடிகளாரின் தமிழ் உரைநடை நூல்களும் கைப்படிகளாகவே முதலில் மக்களிடம் பரவின.

இந்த இழப்பைத் தடுத்த பெரும்பணியின் தொடக்கத்தில் சேலத்துக்காரர் ஒருவர் நிற்கிறார். கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே. சாமிநாதையர் 1880 அக்டோபர் 21ஆம் நாள் சந்தித்தார். சீவக சிந்தாமணியைப் பற்றி அவர் வினவிய வினாவே ஐயரின் வாழ்க்கைப் பாதையை மாற்றியது. தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியையும் முதலியார் பின்னர்க் கொடுத்துதவினார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. ஐயர் ஒரே பிரதியை நம்பி நின்றவரல்லர். பல இடங்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். தாம் ஏற்ற பாடத்தை மேலே வைத்து, ஏனையவற்றைப் பாடபேதங்களாகத் தம் பதிப்புகளில் குறித்தார். தம்முடைய முடிவைப் பிறர் சோதித்துப் பார்க்கும் வழியை அவர் அடைக்கவில்லை.

திருச்சபையின் மரபிலும் இந்நேர்மை உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜென், பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பை எபிரேய மூலத்தோடு ஒப்பிட்டபோது, மூலத்தில் இல்லாத பகுதிகளை வெட்டி எறியாமல் குறியிட்டு நிறுத்தினார். புனித அகுஸ்தினார் தம் முதுமையில், 427ஆம் ஆண்டளவில், அதுவரை தாம் எழுதிய 93 நூல்களை எடுத்து ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவை ஏற்கெனவே படியெடுக்கப்பட்டுப் பலர் கைக்குப் போயிருந்தன. எனவே எங்கே தவறினார், எவ்வாறு கொள்ள வேண்டும் என்பதைத் தனி நூலாகவே எழுதிவைத்தார். பழைய சொல்லும் நின்றது. அதன் திருத்தமும் அருகில் நின்றது.

நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேடும் இத்தகையதே. 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவாவதற்கு முன்பே இச்சமவெளியில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. அக்குடும்பங்களின் கதையைத் தேடுகிறவர் முதலில் நாடுவது இப்பதிவேடுகளையே. திருச்சபைச் சட்டம் 535, திருமுழுக்குப் பெற்றவரின் உறுதிப்பூசுதல், திருமணம், குருத்துவம் ஆகியவற்றையும் அதே பதிவில் குறிக்கச் சொல்கிறது. ஒரு மனிதனின் திருச்சபை வாழ்வு முழுவதும் அந்த ஓரக் குறிப்புகளில் அடுக்கடுக்காகச் சேர்கிறது. அங்கே ஒரு வரியைச் சுரண்டி எடுப்பது ஒருவருடைய வாழ்வின் சான்றைச் சுரண்டுவதாகும்.

ஆயினும் எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருக்க வேண்டும் என்று திருச்சபை சொல்லவில்லை. ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதை எங்கும் பதிவதில்லை. ஆயரகத்தின் இரகசிய ஆவணங்களைப் பற்றிய சட்டம் 489, ஒழுக்கம் தொடர்பான குற்ற வழக்குகளில் குற்றவாளி இறந்திருந்தாலோ தீர்ப்பாகிப் பத்தாண்டு கழிந்திருந்தாலோ அவ்வாவணங்களை அழித்துவிட்டு, நிகழ்வின் சுருக்கத்தையும் இறுதித் தீர்ப்பையும் மட்டும் வைத்திருக்கப் பணிக்கிறது. மறதிக்கும் இங்கே ஒரு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் முறை மீறப்பட்டால் நேர்வதையும் நாம் மறைக்கலாகாது. சிறாருக்கு எதிரான கொடுமைகளைப் பற்றி 2019 பிப்ரவரியில் வத்திக்கானில் கூடிய கூட்டத்தில், செய்தவர்களின் பெயரைச் சொல்லக்கூடிய கோப்புகள் அழிக்கப்பட்டன அல்லது உருவாக்கப்படவே இல்லை என்று செருமனியின் கர்தினால் ராய்ன்ஹார்ட் மார்க்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். எளியவரைக் காக்கும் மறதி ஒன்று. வலியவரைக் காக்கும் மறதி மற்றொன்று.

இந்தப் பின்னணியோடு கணினியின் உரைத்திருத்திகளைப் பார்ப்போம். கடிதமோ கட்டுரையோ நிரலோ எழுத உதவும் மென்பொருள்கள் இவை. 1976இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் உருவாக்கிய 'விஐ' என்னும் திருத்தியில், கடைசியாகச் செய்த ஒரு மாற்றத்தை மட்டுமே திரும்பப் பெற முடிந்தது. அதன் வழியில் நெதர்லாந்தின் பிராம் மூலனார் 1991இல் 'விம்' திருத்தியை வெளியிட்டார். அதைப் பயன்படுத்துவோர் உகாண்டாவின் கிபாலே பகுதிக் குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்பதே அவர் கேட்ட ஒரே கைம்மாறு. 2023இல் அவர் காலமானார். 2006இல் வந்த விம் 7ஆம் பதிப்பில் திருத்தங்கள் மரக்கிளைகளைப்போல் பாதுகாக்கப்பட்டன. பின்னோக்கிப் போய் வேறொன்றை எழுதினாலும், கைவிட்ட கிளையை மீண்டும் அடைய முடிந்தது. 2010இல் வந்த 7.3ஆம் பதிப்பு, கோப்பை மூடிய பின்னரும் இவ்வரலாற்றைச் சேமித்துவைக்க வழிசெய்தது. ஆனால் பயனர் கேட்டாலன்றி அது சேமிக்காது. எங்கே சேமிக்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

மைக்ரோசாஃப்டின் 'விஷுவல் ஸ்டுடியோ கோட்' 2022இல் மாறான வழியை மேற்கொண்டது. கேளாமலேயே ஒவ்வொரு கோப்புக்கும் 50 பழைய வடிவங்கள்வரை அது சேர்த்துவைக்கும். வேண்டாதவர் எண்ணிக்கையைக் குறைக்கலாம், சில கோப்புகளை விலக்கலாம், முழுவதுமே நிறுத்தியும்விடலாம். ஒன்றில் கதவு மூடியிருக்கிறது, மற்றொன்றில் திறந்திருக்கிறது. இரண்டிலும் திறவுகோல் பயனரிடமே இருக்கிறது. ஆனால் அப்படியொரு கதவு இருப்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

அறியாமல் இருந்தால் என்ன நேரும்? 2003 பிப்ரவரியில் பிரிட்டன் பிரதமர் அலுவலகம் ஈராக்கைப் பற்றிய அறிக்கை ஒன்றை வேர்டு கோப்பாக வெளியிட்டது. கடைசியாக அதைத் திருத்தியவர்களின் பெயர்கள் கோப்புக்குள் மறைந்திருந்தன. பத்துத் திருத்தங்களின் தடத்தையும் உலகம் படித்தது. ஆளுவோர் கோப்பிலிருந்து இவ்வாறு உண்மை வெளிவந்ததில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் திருச்செங்கோட்டிலோ இராசிபுரத்திலோ ஒரு தட்டச்சு மையத்தில் திருமண வழக்குக்காக விண்ணப்பம் எழுதும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கணவனைப் பற்றி முதலில் சொல்லிய சில செய்திகளைப் பின்னர் வேண்டாமென்று நீக்கச் சொல்கிறாள். நீக்கிய வரிகள் அந்தக் கணினியிலோ அனுப்பிய கோப்பிலோ உயிரோடிருந்தால், அவள் சொல்ல மறுத்ததைப் பொறியே சொல்லிவிடும். ஒருவருடைய நற்பெயருக்கும் அந்தரங்கத்துக்கும் சட்டம் 220 தரும் காப்பு அங்கே கிழிகிறது.

ஆகவே இரண்டை நாம் பிரித்தறிய வேண்டும். வரைவு எழுதுகிறவருக்கு உரியது. அதன் பழைய வடிவங்களைக் காக்கவோ கைவிடவோ அவருக்கே உரிமை. அவர் அறியாமல் அவை அழியவும் கூடாது, தங்கவும் கூடாது. பதிவோ சமூகத்துக்கு உரியது. அதன் தடத்தை அழிக்கும் உரிமை எழுதிய குருவுக்கும் இல்லை, செயலருக்கும் இல்லை. திருமுழுக்குப் பதிவேட்டைச் சாதாரணக் கோப்பாகக் கணினியில் தட்டி வைத்துக்கொண்டு, பழைய பெயரின்மேல் புதுப் பெயரை எழுதிச் சேமிக்கும் பழக்கம் எங்கேனும் தொடங்குமாயின் அது ஆபத்து. கட்டுமானப் பதிவேடு இருக்கட்டும். கணினி அதற்குத் துணையாகட்டும். திருத்தியவர் யார், எந்த நாள் என்பது எதிலும் தெரியட்டும். வெளியே போகும் கடிதங்களிலோ, பழைய மாற்றங்கள் உள்ளே தங்கியிருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே அனுப்புவோம்.

எரேமியாவின் சுருளை அரசன் யோயாக்கிம் பத்தி பத்தியாக அறுத்துத் தீயிலிட்ட நிகழ்ச்சியைத் திருவிவிலியத்தில் படிக்கிறோம். கத்தியும் நெருப்பும் அவன் கையில் இருந்தன, சொல் அவனுடையதன்று. பாரூக்கு வேறொரு சுருளை எடுத்து, இறைவாக்கினர் வாய்மொழியாக மீண்டும் எழுதினார். இன்னும் பல சொற்கள் அதில் சேர்ந்தன. அழிக்கும் ஆற்றல் இருப்பதாலேயே அழிக்கும் உரிமை வந்துவிடுவதில்லை. பங்கு அலுவலகக் கணினியின் முன் அமரும் ஒவ்வொருவரும் அழித்தல் விசையைத் தொடும் முன் இதை நினைப்பது நன்று.