நீராவிக் கப்பலும் நமது தீவுகளும்

கடல் கடந்து வாணிகம் செய்த இனம் தமிழினம் என்று மேடைதோறும் பெருமையுடன் பேசுகிறோம். அப்பெருமை பொய்யன்று. நாவாய், வங்கம், கலம், தோணி என மரக்கலத்திற்கு நம் மொழியில் வழங்கும் பெயர்களே அதற்குச் சான்றாகும். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'மாநக்கவாரம்' இன்றைய நிக்கோபார்த் தீவுகளே என்பர் வரலாற்றறிஞர். ஆயினும் இன்று இத்தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வழி திறந்துவிட்டது சோழரின் பாய்மரம் அன்று; நிலக்கரியைத் தின்று புகையைக் கக்கிய நீராவிக் கப்பலே ஆகும். அக்கப்பல் உலகக் கடல் வாணிகத்தை எவ்வாறு மாற்றியது, அம்மாற்றம் நம் வாழ்வை எவ்வாறு தொட்டது என்பதை இம்மலரில் சுருக்கமாகக் காண்போம்.

காற்றின் ஆட்சி

பாய்மரக் கலத்திற்குத் தலைவன் மாலுமி அல்லன், காற்றே. சோழமண்டலக் கரையிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றோடு கீழைக் கடலுக்குச் சென்ற கலம், வடகிழக்குக் காற்று எழுந்த பின்னரே ஊர் திரும்ப இயலும். நாகப்பட்டினம், நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய துறைகளிலிருந்து பினாங்கு வரை சென்று வணிகம் செய்த நம் மரைக்காயர்களும் பிறரும் இக்கணக்கை மனப்பாடமாக அறிந்திருந்தனர். இடைப்பட்ட திங்களெல்லாம் அயலூரில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். காற்று ஓய்ந்தால் நடுக்கடலில் நிற்க வேண்டும். காற்று மிகுந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு தெய்வத்தை நினைக்க வேண்டும். பொருள் எந்த நாளில் வந்து சேரும் என்று எவரும் சொல்ல முடியாது. கடனுக்கோ நாள் தவறாமல் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். வீட்டிலிருப்போர் கோயிலிலும் தர்காவிலும் நேர்ந்துகொண்டு கடலைப் பார்த்திருப்பர்.

நமது துறைமுகத்தின் முதற் கதையும் பாய்மரக் காலத்ததே. 1789ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேயர் என்னும் கடற்படை அதிகாரி சாத்தம் தீவில் ஒரு குடியேற்றத்தைத் தொடங்கினார். 1792இல் அது வட அந்தமானுக்கு மாற்றப்பட்டது. நோயும் சாவும் மிகுந்தமையால் 1796இல் அடியோடு கைவிடப்பட்டது.   அதன் பின்னர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலேயர் இங்கே குடியேற முனையவில்லை.

கரியின் பசி

நீராவி எந்திரம் கப்பலில் ஏறியதும் எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டன என்று எண்ணுதல் கூடாது. கல்கத்தாவின் கிதர்ப்பூர்க் கப்பல்துறையில் 1823இல் 'டயானா' என்னும் நீராவிப் படகு நீரில் இறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மூண்ட பர்மியப் போரில் அது ஐராவதி ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்துச் சென்றது. 1825இல் 'எண்டர்பிரைஸ்' என்னும் கப்பல் இங்கிலாந்திலிருந்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வங்காளம் வந்து சேர 113 நாள் ஆயிற்று. நீராவிக் கப்பல் என்று பெயர் பெற்றும், வழியில் பல நாள் பாயை விரித்தே அது வந்தது. 1830இல் பம்பாயிலிருந்து சூயசுக்குப் புறப்பட்ட 'ஹியூ லிண்ட்சே' என்னும் கப்பலோ, கரிக்கிடங்கு போதாமையால் கிடைத்த இடத்திலெல்லாம் கரியைக் குவித்துக்கொண்டு சென்றது. ஏடன் துறையை அடைந்தபோது அக்கரியும் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது.

வண்டி நிறைய வைக்கோலை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும் மாட்டுவண்டியை நினைத்துப் பாருங்கள். மாட்டின் தீனிக்கே இடம் போதவில்லையென்றால் நெல் மூட்டையை எங்கே ஏற்றுவது? தொடக்ககால நீராவிக் கப்பலின் நிலை இதுவே. ஆகையால் அது கடிதங்களையும் அதிகாரிகளையும் படைவீரரையும் மட்டுமே சுமந்தது. அரிசியும் துணியும் மரமும் பாய்மரத்திலேயே சென்றன.

இக்கரிப் பசியைத் தணித்தவை நான்கு. மரத்திற்குப் பதிலாக இரும்பால் உடல் கட்டியமையால் கப்பலை நீளமாகவும் பெரிதாகவும் அமைக்க முடிந்தது. பக்கவாட்டில் சுழன்ற பெருஞ்சக்கரங்களுக்குப் பதிலாக, பின்புறத்தில் நீருக்குள் சுழலும் புரொப்பெல்லர் வந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே பெற்ற 'கிரேட் பிரிட்டன்' என்னும் பெருங்கப்பல் 1843இல் நீரில் மிதந்தது. மூன்றாவது, கூட்டு எந்திரம். ஒரு கரும்பை ஒரு முறை பிழிந்து எறிந்துவிடாமல் மறுமுறையும் பிழிவது போல, ஓர் உருளையில் வேலை செய்த நீராவியை அதனினும் பெரிய மற்றோர் உருளையில் செலுத்தி மீண்டும் வேலை வாங்கும் முறை இது. லிவர்ப்பூலைச் சேர்ந்த ஆல்பிரட் ஹோல்ட் இம்முறையில் அமைத்த 'அகமெம்னான்' என்னும் கப்பல் 1866இல் வழியில் எங்கும் கரி ஏற்றாமல் மொரீசியசுத் தீவு வரை வந்தது. நான்காவது, 1869ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் திறக்கப்பட்ட சூயசுக் கால்வாய். இலண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையேயுள்ள தொலைவில் 4,000 மைலுக்கு மேல் அது குறைத்தது. செங்கடலின் காற்றும் கால்வாயின் குறுகலும் பாய்மரத்திற்கு ஒவ்வாதவை. எனவே அக்குறுக்கு வழி நீராவிக்கே உரியதாயிற்று. கரிக்கு ஒதுக்கிய இடம் சுருங்கச் சுருங்கச் சரக்கிற்குரிய இடம் பெருகியது, கூலி குறைந்தது, மலிந்த பண்டங்களும் கடல் கடக்கத் தொடங்கின.

நாள் குறித்த வாணிகம்

நான் இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். வண்டி எப்பொழுது புறப்படும், எப்பொழுது சேரும் என்பதே எங்கள் உலகம். அக்கண்கொண்டு நோக்கினால், நீராவி கடலுக்குத் தந்த பெருங்கொடை வேகத்தினும் கால அட்டவணையே என்று துணிந்து கூறுவேன். இன்ன நாள் புறப்பட்டு இன்ன நாள் சேரும் என்று அச்சடித்து ஒட்ட முடிந்த அன்றே வாணிகத்தின் இயல்பு மாறிவிட்டது. சரக்கு வரும் நாள் தெரிந்தால் அதனை முன்னதாகவே விற்கலாம். கடன் கொடுப்பவன் தவணையை எழுதலாம். கிடங்கில் ஆறு திங்களுக்கு வேண்டிய அரிசியை அடுக்கி வைக்க வேண்டியதில்லை.

வில்லியம் மெக்கின்னன் என்பவர் 1856இல் கல்கத்தாவிற்கும் பர்மாவிற்கும் இடையே தபால் சுமக்கத் தொடங்கிய நிறுவனம், 1862இல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி என்னும் பெயர் பெற்றது. காலப்போக்கில் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, கொழும்பு, இரங்கூன், பினாங்கு ஆகிய துறைகளை எல்லாம் அது ஒரு நூலில் கோத்தது. பர்மாவின் நெல்வயல்களுக்குத் தமிழ்நாட்டுக் கூலியாட்களும், அந்நெல்லுக்கு முதலீடு செய்த நகரத்தாரும் இக்கப்பல்களிலேயே சென்றனர். திறந்த தளத்தில் பாயை விரித்து, சட்டி பானையோடு குடும்பம் குடும்பமாய்ச் சென்ற அவர்களே நம் கடல்கடந்த வாழ்வின் முன்னோடிகள்.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. எந்திரம் வாங்கும் முதல் இல்லாத நம் பாய்மரக் கப்பல் உரிமையாளர்கள் நெடுந்தொலைவு வாணிகத்தினின்றும் மெல்ல மெல்ல விலக்கப்பட்டனர். தூத்துக்குடித் தோணிகளைப் போன்றவை குறுகிய தொலைவில் நிலைத்து நின்றன. கப்பலின் அடித்தட்டிலோ, கொதிகலனின் அனலில் நின்று இரவும் பகலும் கரி அள்ளிய உழைப்பாளிகள் இருந்தனர். கல்கத்தாவிலிருந்து சென்ற கப்பல்களில் அவ்வேலையைச் செய்தோருள் சில்ஹட் பகுதி மக்கள் மிகுதி. கால அட்டவணை தவறாமல் நின்றது அவர்களுடைய வியர்வையால் என்பதை மறத்தல் தகாது.

நம் துறைக்கு வந்த நீராவி

இனி நமது தீவிற்கு வருவோம். 1857இன் பெருங்கிளர்ச்சிக்குப் பின், சிறைக்குடியேற்றத்திற்கு இடம் பார்க்க வந்த மோவாட் குழு 'புளூட்டோ' என்னும் நீராவிக் கப்பலில் இத்தீவுகளைச் சுற்றிப் பார்த்தது. 1858ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட 'செமிராமிஸ்' என்னும் நீராவிப் போர்க்கப்பல் மார்ச்சு 10ஆம் நாள் போர்ட் பிளேயரை அடைந்தது. அதில் டாக்டர் வாக்கரின் பொறுப்பில் கைதிகள் 200 பேர் வந்தனர். ஆறே நாளில் முடிந்த அப்பயணத்தோடு இத்துறையின் இருண்ட காலம் தொடங்கியது.

எந்தக் கால அட்டவணை வணிகனுக்கு வரமாயிற்றோ அதுவே கைதிக்கு விலங்காயிற்று. நாள் தவறாமல் வரும் கப்பல் இருந்தமையால்தான் தலைநிலத்திலிருந்து இத்தனை தொலைவில் ஆயிரக்கணக்கானோரைச் சிறைவைத்துச் சோறிட முடிந்தது. 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட செல்லுலார் சிறைக்கு விடுதலை வீரர்களைச் சுமந்து வந்த கப்பல்களுள் 'மகாராஜா' பெயர் பெற்றது. 1911இல் சாவர்க்கர் சென்னைத் துறையிலிருந்து அக்கப்பலிலேயே கொண்டுவரப்பட்டார். திரும்பிச் சென்ற கப்பல்கள் நம் காட்டு மரத்தைச் சுமந்தன. 1883இல் தோன்றிய சாத்தம் மரஅறுவை ஆலையின் படாக் மரம் தொலைநாடுகளுக்குச் சென்றது.

கப்பல் யாருடையது?

கப்பல் எவர் கையிலுள்ளதோ அவர் வேலையையே அது செய்யும். இவ்வுண்மையை நம் நாட்டில் தெளிவாக உணர்ந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள். 1906இல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் ரூபாய் 10 இலட்சம். ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகள். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரே நின்ற ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், பயணிகளுக்குக் குடை வழங்கவும் முற்பட்டது. பெருமுதலுக்கு முன் சிறுமுதல் எத்தனை நாள் தாங்கும்?

1908இல் வ. உ. சி. சிறைப்பட்டார். நாடுகடத்தல் தண்டனையாக 40 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு, கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் அடைபட்டு 1912இல் அவர் வெளிவந்தார். அதற்குள் 1911இலேயே அவர் கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. 'காலியா'வும் போட்டிக் கம்பெனியின் கைக்கே போயிற்று. எனினும் அவர் இட்ட வித்து அழியவில்லை. 1919ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் சிந்தியா கம்பெனியின் 'லாயல்டி' பம்பாயிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. அந்நாளையே தேசியக் கடல்வாணிக நாளாகக் கொண்டாடுகிறோம். தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் வ. உ. சி.யின் பெயரையே தாங்கி நிற்கிறது.

கப்பல் வராத நாளும் வந்த நாளும்

கப்பலின் அருமை அது வராதபோதுதான் தெரியும். 1942ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் சப்பானியர் இத்தீவுகளைக் கைப்பற்றினர். 1945 வரை தலைநிலத்துக் கப்பல் வரவில்லை. போரின் பிற்பகுதியில் அரிசி அருகியது, மக்கள் கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைத்தனர், பிழைக்காதோர் பலர். இத்தீவில் கப்பல் அட்டவணை என்பது சோற்றுப் பானையின் அட்டவணையே என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

விடுதலைக்குப் பின், கைதிகளைச் சுமந்த அதே பெயருடைய 'மகாராஜா' 1949இல் கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்களைச் சுமந்து வந்தது. விலங்கு பூட்டியவர் இறங்கிய துறையில் கைக்குழந்தையோடு தாய்மார் இறங்கினர். பிழைப்பு நாடியும் அரசுப்பணி ஏற்றும் தமிழரும் வந்தனர். 1964ஆம் ஆண்டு இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய தமிழ்த் தொழிலாளருள் சில குடும்பங்கள் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தன.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1926இல் கட்டப்பட்ட 'இரஜூலா' என்னும் நீராவிக் கப்பல், சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் நம் மக்களை ஏறத்தாழ அரை நூற்றாண்டு சுமந்தது. மலாயாத் தமிழர் வீடுகளில் அப்பெயரை அறியாத முதியோர் அரியர். 1973இல் இந்தியக் கப்பல் கழகம் அதனை வாங்கி, நம் தீவுப் பயணத்தில் ஈடுபடுத்தி, நடு அந்தமானிலுள்ள ஊரின் பெயரால் 'இரங்கத்' என்று பெயரிட்டது. அடுத்த ஆண்டே அது உடைக்கப்பட்டது. கடல்கடந்த தமிழரின் பெருங்கப்பல் நம் ஊர்ப் பெயரைச் சூடிக்கொண்டே கண்மூடியது.

1912இல் 'செலாண்டியா' என்னும் டேனிஷ் கப்பல் டீசல் எந்திரத்தோடு பெருங்கடலில் இறங்கியதிலிருந்தே நீராவியின் முடிவு தொடங்கிவிட்டது. கப்பலின் பெயருக்கு முன்னிருந்த 'எஸ்.எஸ்.' மறைந்து 'எம்.வி.' வந்தது. இன்று சென்னையிலிருந்து கப்பலில் வர ஏறத்தாழ மூன்று நாள் ஆகிறது. வானூர்தியில் சில மணி நேரமே. போர்ட் பிளேயரின் பெயரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. ஆயினும் அரிசியும் சிமெண்டும் எண்ணெயும் இன்றும் கப்பலிலேயே வருகின்றன. தண்டவாளம் இல்லாத நமக்குக் கப்பலே சரக்கு வண்டி.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம் குடும்பம் ஒவ்வொன்றும் எந்த ஆண்டில், எத்துறையிலிருந்து, எந்தக் கப்பலில் இங்கு வந்தது என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி வைப்போமாக. முதல் தலைமுறையில் நேரில் சொல்லத் தக்க முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். மன்னர்கள் கடல் கடந்த கதையைக் கல்வெட்டுகள் காத்தன. சட்டி பானையோடு தளத்தில் படுத்து வந்த நம் தாய் தந்தையரின் கதையை நாமே எழுதினாலன்றி வேறு எவரும் எழுதப் போவதில்லை.