இரட்டைக்குழல் துப்பாக்கியின் வரலாறும் பேணுமுறையும்

நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் பாட்டனார் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி இன்றும் உரிமச் சீட்டுடன் இருந்து வருகின்றது. அதன் வரலாறு அறியாதார் கையில் அஃது எடுத்தவர் கையையே சிதைக்க வல்லதாதலின், இக்கட்டுரை எழுதலாயிற்று.

துப்பாக்கி என்னுஞ் சொல் துருக்கி மொழியினின்றும் வந்தது. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் அவ்வெழுத்துக்கள் அடுத்தடுத்து வரக்கண்டு மாணாக்கர் நகைப்பதுண்டு. ஆண்டுத் துப்பு என்பது உணவேயன்றி வேறன்று.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே கடலோரத்துள்ள பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினர். ஆங்கு அவர்கள் நடத்திய வெடிமருந்துச் சாலையினின்றும் பதாவியாவுக்கு மருந்து கப்பலேறிற்று. அக்காலத்து மருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் கூடிய கருமருந்தேயாம். அஃது எரிந்தபின் குழலினுள் தங்கும் கசடு, காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை விரைவில் துருவேற்றும். உப்பங்காற்று வீசும் நம் பகுதியிற் சொல்லவும் வேண்டுமோ! அக்கசடு வெறும் எண்ணெய்க்குக் கரையாது, வெந்நீருக்குக் கரையும். ஆகவே குழலைக் கழற்றி வெந்நீரால் அலம்பி, ஈரம் அற உலர்த்திய பின்னரே எண்ணெய் பூசுதல் பழைய முறை.

தீக்கல்லின் பொறி கண்டு பறவைகள் குண்டு சேருமுன் பறந்துவிடுதலைக் கண்ட பார்சைத் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், தட்டினால் வெடிக்கும் மருந்துகொண்டு தீமூட்டும் முறைக்கு 1807இல் தனியுரிமை பெற்றார். பாரிஸ் நகரத்து லெபோஷே 1830களில் குழலை மடித்துப் பின்புறமாகத் தோட்டா இடும் வகையைப் பரப்பினார். குதிரை வெளியே தோன்றாத அமைப்பு 1870களில் இங்கிலாந்தில் பரவலாயிற்று. சென்னையில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்டு சன்ஸ் கம்பெனியார் தம் பெயர் பொறித்த துப்பாக்கிகளையும் விற்றனர்.

இனி, கருத்தூன்றி அறிய வேண்டுவது குழலின் இயல்பு. முற்காலத்துக் குழல்கள் பல, இரும்பும் எஃகுமாகிய பட்டைகளை முறுக்கி, ஒரு கம்பியின்மேற் சுற்றி, உலையிற் காய்ச்சி அடித்து ஒட்டியவை. தமஸ்குக் குழல் எனப்படும் அவற்றின்மேல் நெளிநெளியான வரிகள் தோன்றும், காண அழகியவை. ஆனால் அவை கருமருந்தின் அழுத்தத்துக்கென ஆனவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகையில்லா நைட்ரோ மருந்து தோன்றிற்று. நம் நீலகிரி அருவங்காட்டிலும் அவ்வினத்ததாகிய கார்டைட்டுக்குத் தொழிற்சாலை எழுந்தது. இன்று கடையில் விற்கும் தோட்டாக்கள் நைட்ரோ மருந்தினவே. அவற்றைத் தமஸ்குக் குழலிற் போட்டுச் சுடுதல் கூடவே கூடாது. எஃகுக் குழலாயினும் நைட்ரோவுக்குச் சோதிக்கப்பட்ட முத்திரை உண்டா என்று பார்த்தல் வேண்டும். தோட்டா அறையின் நீளமும் கவனிக்கத்தக்கது: பழைய அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், இக்காலத் தோட்டாவோ இரண்டே முக்கால். நெடியது குறுகிய அறையில் நுழையும். ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் மிகும்.

பழுதுகளை அறிய எளிய வழிகள் உள. முதலில் தோட்டா இல்லை என்று இருமுறை பார்க்க. குழலைத் தனியே தொங்கவிட்டு, பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பதுபோல் விரலால் தட்டினால் மணியோசை எழவேண்டும். ஓசை மந்தித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டை விட்டிருக்கக்கூடும். மூடியபின் குழல் ஆடுமாயின் மூட்டுத் தேய்ந்தது. விசை இழுத்தும் வெடிக்கவில்லையெனில் உடனே திறவாது, ஆளில்லாப் பக்கம் நோக்கிப் பிடித்து அரை நிமிடமேனும் பொறுத்துத் திறக்க. தோட்டாவின் கேப்பில் பதிந்த குழி ஆழமற்றிருந்தால் வில் தளர்ந்தது, அல்லது பழைய எண்ணெய் பிசினாய் இறுகிற்று. குழி ஆழமாயிருந்தால் குற்றம் பெரும்பாலும் தோட்டாவினது. எண்ணெயை மிகுதியாக வார்த்து நிமிர்த்தி வைப்போர் பலர். அது வழிந்து கட்டையின் மரத்தை ஊறச் செய்து கெடுக்கும். குழல்வாய் கீழாகச் சாய்த்தலே நன்று.

உட்பொறியைத் தாமே பிரித்தல் தகாது; உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடமே கொடுத்தல் வேண்டும். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போய் 1959ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2019இல் செய்த திருத்தத்தால் ஒருவர் பொதுவாக வைத்திருக்கத்தக்கவை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமம் உடையவர் இறந்தால், வீட்டார் துப்பாக்கியைப் பரண்மேல் வையாது போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ காலந்தாழ்த்தாது ஒப்படைத்துச் சீட்டுப் பெற்று, அதன் பின்னரே வாரிசு உரிமத்துக்கு மனுச் செய்தல் வேண்டும்.