தலைக்கவசத்தோடு முடிவதில்லை பாதுகாப்பு



சிதம்பரத்தில் என்னிடம் படித்த பலர் இன்று கடலூர் சிப்காட்டிலும் நெய்வேலியிலும் வேலை பார்க்கிறீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் வரலாறு.

1984 டிசம்பர் 2, நள்ளிரவு. போபாலில் மீத்தைல் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. குளிரூட்டும் அமைப்பை முன்பே நிறுத்தியிருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரமும் இயங்கவில்லை. செலவைக் குறைக்க ஆட்களையும் பயிற்சியையும் குறைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தலைக்கவசமும் பூட்ஸும் அங்கே யாரைக் காப்பாற்றியிருக்கும்?

அதன் பிறகுதான் 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989-ல் அபாயகர இரசாயன விதிகளும் வந்தன. அமெரிக்கா 1992-ல் கொண்டுவந்த செயல்முறைப் பாதுகாப்பு விதியின் 14 கூறுகளில் தொழிலாளர் பயிற்சியும் ஒன்று.

இத்தனைக்குப் பிறகும் 2020 மே 7 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து. 55 நாள் கழித்து, ஜூலை 1 அன்று, அதே நிலையத்தில் மறுபடியும். அன்றே 6 பேர் இறந்தனர். 2021 மே 13 அன்று கடலூர் சிப்காட் விபத்தில் 4 பேர்.

1987-ல் திருத்திய தொழிற்சாலைச் சட்டம், ஆபத்து நெருங்குவதாகக் கருதினால் அதை நிர்வாகத்திடம் எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. போபால் உயிர்களின் விலையில் வந்த உரிமை அது.

பயிற்சி வகுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். புரியாததைக் கேளுங்கள். வகுப்பில் கேட்கத் தயங்கியவர்களும் அங்கே கேளுங்கள்.