இந்தப் பக்கம் யாருடையது?

கணினியின் நினைவகம் நிரம்பிவிட்டால், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதில் ஏதாவது ஒரு துண்டை, அதாவது ஒரு ‘பக்கத்தை’, காலி செய்தாக வேண்டும். இண்டெல் கணினியில் ஒரு பக்கம் 4,096 பைட். 2001-இல் லினக்ஸ் கெர்னலிடம் ஒரு பக்கத்தைக் காட்டி, ‘இதை யார் யார் வைத்திருக்கிறார்கள்?’ என்று கேட்டால் விழிக்கும். நிரலின் பெயரைச் சொன்னால் அதன் பக்கங்களைக் காட்டும். நம் நிலக் கணக்கில் சொன்னால், ஆளைச் சொன்னால் நிலத்தைக் காட்டும் சிட்டா இருந்தது, நிலத்தைச் சொன்னால் ஆளைக் காட்டும் அ-பதிவேடு இல்லை. ஒரு பக்கத்தை முழுதாக விடுவிக்க, நிரல் நிரலாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

அந்த அ-பதிவேடுதான் ஆர்மேப். அதை எழுதியவர் ரிக் வான் ரீல் என்ற டச்சுக்காரர். அப்போது பிரேசிலின் கனெக்டிவா நிறுவனத்தில் இருந்தார். லினக்ஸ் கெர்னலின் 2.4 வரிசையில் இருந்த நினைவக மேலாண்மையும் பெரும்பாலும் அவர் கைவேலைதான். சுமை ஏறினால் அது தடுமாறியது. 2001 செப்டம்பரில், 2.4.10 பதிப்பில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் தூக்கிவிட்டு இத்தாலிக்காரர் ஆண்ட்ரியா ஆர்காஞ்செலியின் நிரலை வைத்தார். ‘நிலையானது’ என்று அறிவித்த வரிசையில் இப்படிச் செய்வது, தாலி கட்டியபின் மாப்பிள்ளையை மாற்றுகிற வேலை. இன்னொரு கெர்னல் நிரலாளரான ஆலன் காக்ஸ், தான் தனியாகப் பராமரித்த கெர்னல் கிளையில் ரிக்கின் நிரலையே கொஞ்ச காலம் வைத்திருந்தார். ஒரே எண்ணில் இரண்டு சுபாவம்.

ரிக் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. ஆர்மேப்பைக் கெர்னலுக்கு வெளியே தனி ஒட்டாக (பேட்ச்) வளர்த்தார். 2002 ஜூலையில், 2.5.27-இல், அது உள்ளே வந்தது. ஆனால் பதிவேடு பருமன். 32 பிட் கணினியில், முதல் வடிவில், பக்கத்தைப் பகிரும் ஒவ்வொருவருக்கும் 8 பைட். ஆயிரம் பேர் பகிர்ந்தால் 8,000 பைட். நிலத்தைவிடப் பத்திரம் இரண்டு மடங்கு! புது நிரல்களைக் கிளைக்கவைக்கும் வேலையும் மந்தமானது.

ஆளாளுக்கு ஒரு குறிப்பு வேண்டாம், நிரல் வளைத்துப்போட்ட மொத்தப் பகுதியைக் குறித்தால் போதும், மற்றதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பது அடுத்த யோசனை. கோப்புகளிலிருந்து வந்த பக்கங்களுக்கு டேவ் மெக்ராக்கன் வழி செய்தார். எந்தக் கோப்பையும் சாராத அநாமதேயப் பக்கங்கள்தான் சிக்கல். அதற்கு ஹியூ டிக்கின்ஸ் ஒரு முறையை முன்வைத்தார். 2004 ஜூனில், 2.6.7-இல், நிலைத்தது இன்னொருவருடையது.

கெர்னலின் மூலநிரலில் ஆர்மேப்.சி கோப்பைத் திறந்தால் தலைக்குறிப்பில் பார்க்கலாம். மூல வடிவமைப்பு ரிக் வான் ரீல், 2001. இரண்டு வரி கீழே, அநாமதேயப் பக்கங்களுக்கான முறை: ஆண்ட்ரியா ஆர்காஞ்செலி, 2004.