உலகக் கோப்பை 1996: மைதானத் தேர்வு

ஆறாவது உலகக் கோப்பைக் கிரிக்கெட்டை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றும் சேர்ந்து நடத்தின. இந்தியாவில் மட்டும் 17 மைதானங்கள்; சேப்பாக்கத்துக்கு ஆஸ்திரேலியா–நியூசிலாந்து காலிறுதி கிடைத்தது. பணக்கணக்கைவிட மாநிலச் சங்கங்களின் மனக்கணக்கே இந்தப் பங்கீட்டில் பெரிது எனலாம்.

சிக்கல் கொழும்பில் வெடித்தது. ஜனவரி 31-இல் மத்திய வங்கி மீது குண்டுத் தாக்குதல் நடந்ததும், ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் அங்கே ஆட மறுத்தன. இரு ஆட்டங்களின் புள்ளிகளும் ஆடாமலே இலங்கைக்குப் போயின.

இலங்கைக்கு ஆதரவு காட்ட, பிப்ரவரி 13-இல் இந்திய–பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகப் பிரேமதாச மைதானத்தில் இறங்கினார்கள். வாசிம் அக்ரம் பந்தில் இலங்கையின் களுவிதாரண கொடுத்த கேட்ச்சைப் பிடித்தவர் டெண்டுல்கர்! மார்ச் 17-இல் லாகூர் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவை 7 விக்கெட்டில் வென்று இலங்கை கோப்பையை எடுத்தது.